மாலத்தீவு பேக்கேஜ்: அட்வான்ஸ் போடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் மார்த்தாண்டம் பக்கம். அரைப்பரீட்சை லீவில் மாலத்தீவு போக ஆசை. திருவனந்தபுரத்தில் ஒரு டிராவல்ஸில் 3 இரவு 4 பகலுக்கு, டிக்கெட்டோடு தலைக்கு 48 ஆயிரம் என்கிறார்கள். நானும் கணவரும், 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகளும். இன்றைக்கே 40 ஆயிரம் அட்வான்ஸ் போட்டால்தான் இந்த விலையாம். போடலாமா?

பதில்: இன்றைக்குப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய கொட்டேஷனில் 'கடற்கரை ரிசார்ட்' என்று இருக்கிறதே தவிர, எந்தத் தீவு என்று இல்லை. தீவு தெரியாமல் இந்த விலை நியாயமா என்று யாராலும் சொல்ல முடியாது.

விமான நிலையம் இருப்பது தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுலே தீவில். அங்கிருந்து தங்கும் இடத்துக்குப் பெரும்பாலும் தண்ணீர் தாண்டித்தான் போக வேண்டும். மாஃபுஷி மாதிரி ஊர் மக்கள் வசிக்கும் தீவில் கெஸ்ட் ஹவுஸ் என்றால் ஸ்பீட் போட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கட்டணமும் தாங்கும். அரசு ஃபெரி இன்னும் மலிவு, ஆனால் மெதுவாகப் போகும்; வெள்ளிக்கிழமை பொதுவாக ஓடாது. தூரத்துத் தீவு ரிசார்ட் என்றால் கடல் விமானம். போக வர ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும். நான்கு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். அது இருட்டிய பிறகு பறக்காது. சாயங்காலம் போய் இறங்கினால் அன்றிரவு மாலேயில் உங்கள் காசில் அறை எடுக்க வேண்டியிருக்கும். அதனால் தீவின் பெயர், தங்கும் இடத்தின் பெயர், போக வரப் படகு இந்த விலையில் சேர்ந்ததா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது வரி. அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதையும் சேர்த்த தொகையின் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம் (2025 ஜூலையிலிருந்து). ஆக, 100 டாலர் என்று சொன்ன அறைக்கு நீங்கள் கட்டுவது 128 டாலர் 70 சென்ட். இது போக பசுமை வரி இருக்கிறது. ரிசார்ட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர், ஊர்த் தீவுகளில் 50 அறைக்கு உட்பட்ட கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். உங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு. மூன்று இரவுக்கு நான்கு பேருக்கு ரிசார்ட் என்றால் 144 டாலர், சின்ன கெஸ்ட் ஹவுஸ் என்றால் 72. பெரும்பாலும் அறையைக் காலி பண்ணும்போதுதான் இதை நீட்டுவார்கள். இந்தக் கணக்கு தெரிந்த ஏஜென்ட் முதலிலேயே சொல்லிவிடுவார். சொல்லாமல் மறைக்கிறவரிடம் பணம் கொடுக்க எனக்கு மனம் வராது.

கொட்டேஷனில் 'விசா சார்ஜ்' என்று ஒரு வரி பார்த்தேன். அதை அடிக்கச் சொல்லுங்கள். சுற்றுலா போகும் இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. 'இமுகா' என்ற பயண அறிவிப்புப் படிவம் மட்டும் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

டிசம்பர் கடைசிதான் அங்கே உச்ச விலை. பிள்ளைகளின் லீவைப் பார்த்துத்தான் போக வேண்டும் என்றால், ஏப்ரல் லீவு நல்லது. புத்தாண்டுக் கூட்டம் இருக்காது, மழையும் பிடித்திருக்காது. மே முதல் அக்டோபர் வரை விலை இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் நமக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொண்டுவரும் அதே காற்றுதான் அங்கேயும்; ஸ்பீட் போட் தூக்கிப் போடும், சின்னப் பிள்ளைகள் வாந்தியெடுத்துச் சுருண்டுவிடுவார்கள்.

அட்வான்ஸை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், தனி ஆளின் யுபிஐக்கு வேண்டாம். வெளிநாட்டு பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 'பில் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம், மிச்சமாகும்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவும் எங்களோடு மாலத்தீவு வருகிறார். கூடவே பூசைக்குச் சின்ன பிள்ளையார் சிலை கொண்டுவருவார். ஏர்போர்ட்டில் பிரச்சினை வருமா?

பதில்: வரும். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை. அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சுங்கத்தில் வைத்துப் பறித்துக்கொண்டால் வயதானவருக்கு மனம் கஷ்டப்படும். மதுவும் பன்றி இறைச்சியும் கூடாது, டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதானாலும் சரி. திரும்பும்போது பவளத் துண்டு எடுத்துவருவதும் குற்றம்.

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறோம். எல்லை தாண்டிக் கேரளாவில் உள்ள ஏஜென்சி, பயணத்தை அவர்களே ரத்து செய்துவிட்டு 1,10,000 ரூபாயைத் திருப்பித் தரவில்லை. திருவனந்தபுரம் போய்த்தான் கேஸ் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது நாகர்கோவில். ஏஜென்சி எந்த மாநிலத்தில் இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். எல்லையோரத்தில் இருக்கிற நம்மில் பலர் 'அது கேரளா கேஸ்' என்று சொல்லியே பணத்தை விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். அசையவில்லையென்றால், 15 நாள் கெடு கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் வரை கொடுத்த பணத்துக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பணம் போன வங்கிப் பதிவு, ரத்து செய்கிறோம் என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இரண்டையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். போனை மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் உள்ளே போயிருக்க வேண்டும்.