மலை மேல் வைக்கும் 2 மீட்டர் ரிப்பீட்டருக்கு நம்பகமான ஆன்டெனா எது?

நீங்கள் ஒரு சின்ன ஹாம் (அமெச்சூர் ரேடியோ) குழு. கையில் பணம் குறைவு. மெல்லிய சிக்னலை வாங்கி அப்போதே பலமாகத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை 2 மீட்டர் அலைவரிசையில் வைக்க, மலையில் யாரோ டவரில் இடம் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் வெள்ளை ஃபைபர் கிளாஸ் ஆன்டெனாவைக் காட்டி கெய்ன் (சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்ற) கணக்குச் சொல்கிறார். சரிதானே? அதை வாங்காதீர்கள். நான்கு ஃபோல்டட் டைபோல்களை (நீள வளையமாக மடித்த உலோகக் குழாய்கள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆன்டெனாவை வாங்குங்கள், அல்லது செய்துகொள்ளுங்கள்.

உடனே சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஃபைபர் கிளாஸே மோசம் என்று நான் சொல்லவில்லை. என் மொட்டை மாடியில் நிற்பதும் அதுதான். ஆனால் வீட்டில் நாம் பேசும்போது கேட்பதில்லை. ரிப்பீட்டரோ ஒரே ஆன்டெனாவில் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறது. 50 வாட் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வரும் 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலும் காதில் விழ வேண்டும். ஃபைபர் கிளாஸ் குழாய்க்குள் ஒரு பற்றவைப்பு லேசாக விட்டிருந்தால் போதும், காற்றில் அது தொட்டுத் தொட்டு விலகும்போதெல்லாம் ரிசீவரில் கரகரப்புதான்.

எங்கள் ரிப்பீட்டரில் இதேதான் நடந்தது. காற்று எழுந்தால் தூரத்து ஹேண்ட்செட்டுகள் விட்டு விட்டுக் கேட்கும். எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது ஆன்டெனா எவ்வளவு சிக்னலைத் திருப்பி அனுப்புகிறது என்ற அளவு, 1.3 என்று நல்லதாகவே மீட்டர் காட்டியதால் ஆன்டெனாவைச் சந்தேகப்பட யாருக்கும் மனம் வரவில்லை. பழி டூப்ளெக்ஸர் மேல், அதாவது போகும் சிக்னலையும் வரும் சிக்னலையும் பிரிக்கும் வடிகட்டி மேல், விழுந்தது. அதை இறக்கி, ட்யூன் செய்து, மறுபடி ஏற்றினார்கள். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (சிக்னலை வெளியே விடாமல் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர்) மாட்டி, மெல்லிய சிக்னல் ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வேண்டாவெறுப்பாகச் செய்தார்கள். கரகரப்பே இல்லை! ஆன்டெனாவை இறக்கிப் பிரித்தால், அடியில் இருக்கும் வடிகால் துளையை மழை புகக் கூடாதென்று எவரோ சீலன்ட் வைத்து அடைத்திருக்கிறார். மலைக் குளிரில் உள்ளே கோர்த்த நீர் வெளியேற வழியில்லாமல் இணைப்புகள் பச்சை பிடித்துக் கிடந்தன.

அப்புறம் அலுமினியக் குழாயை ஒரு பட்டறையில் வளைத்து, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் டைபோல்கள் செய்தோம். மாதிரி டிபி-224 என்ற ரிப்பீட்டர் ஆன்டெனாதான், பழைய கைகளுக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் வெளியே தெரிவதால் பழுதைக் கண்ணால் பார்க்கலாம். உலோகமெல்லாம் மாஸ்ட்டோடு இணைந்திருப்பதால் இடி மின்னலுக்கும் கொஞ்சம் தாங்கும், ஆனால் அரெஸ்டர் (மின்னல் தடுப்பான்) வேண்டாம் என்று அர்த்தமில்லை. உங்கள் மலை ஓரமாக இருந்தால் நான்கையும் சமவெளிப் பக்கம் திருப்புங்கள், அந்தத் திசையில் கூடுதலாக 3 டெசிபல் கெய்ன் கிடைக்கும். அளவுக்கு மீறிய கெய்னுக்கு ஆசைப்பட்டால் சிக்னல் அடிவானத்துக்குப் போய்விடும், அடிவாரத்தில் இருப்பவர் திட்டுவார். குரங்கு ஏறி ஆடுவதற்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை.

திட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. பேட்டரி மாற்றப் பணம் கேட்டால் குழுவில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ரிப்பீட்டர் அரை நாள் நின்றால் மட்டும் எனக்கு வரிசையாக போன். உரிமம் எடுக்காமலே ஹேண்ட்செட் வாங்கியவர்தான் முதல் ஆள்.

ஆன்டெனாவுக்கு ஏறும் கோஆக்ஸ் கேபிள் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அலுமினிய ஃபாயிலும் பின்னல் கம்பியும் சேர்ந்த வகை வேண்டாம், அந்த இரண்டும் உரசியே இரைச்சல் கொடுக்கும். அரை அங்குல ஹீலியாக்ஸ் (பின்னலுக்குப் பதில் நெளிவான செப்புக் குழாய் உள்ள கேபிள்) பழையதாகக் கிடைத்தாலும் வாங்கிப் போடுங்கள், என்-டைப் கனெக்டரோடு.