கிறிஸ்தவ இளைஞர்கள் எங்கள் கிராமத்து வீடுகளைத் திருத்த வருகிறார்கள்: விடலாமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள உங்கள் கிராமத்துக்குப் பட்டினத்துத் திருச்சபை ஒன்றின் இளைஞர்கள் வந்து பழுதான வீடுகளைத் திருத்தித் தரப்போகிறார்கள். மதம் மாற்றத்தான் வருகிறார்கள், உள்ளே விடாதீர்கள் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அம்மம்மா வீட்டுக் கூரை அப்படி வந்தவர்கள் போட்டது. நாங்கள் சைவர்கள், அன்றும் இன்றும். அதனால் எனக்கு இதில் சொல்ல இருக்கிறது.

வவுணதீவுக்கு மேற்கே, வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அம்மம்மாவின் வளவு. காட்டுக்கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண் அப்பிய வீடு. ஒரு காலத்தில் இலுக்குப் புல் வேய்ந்திருந்தது, பிறகு தகரம். 2007 இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியபோது தகரத்தில் பாதியைக் காணவில்லை. போர் முடிந்தபின் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. புதிய வீடு ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். அயலில் சிலருக்குக் கல்வீடு எழும்பியது. அம்மம்மாவின் காணிப் பத்திரமோ இடப்பெயர்வில் தகரப்பெட்டியோடு போய்விட்டது. அவர் பழைய சுவரையே மறுபடி மெழுகிக்கொண்டார்.

2018 மாசியில், பெரும்போக நெல் வெட்டி நான்கு மூட்டை உள்ளே அடுக்கியிருந்தபோது யானை வந்தது. வீட்டுக்குள் நெல் இருந்தால் அது மணம் பிடித்துச் சுவரை முட்டும் என்பது படுவான்கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். குசினிப் பக்கச் சுவரைத் தள்ளி, ஒரு மூட்டையை வெளியே இழுத்து, முற்றத்தில் நின்று ஆறுதலாகத் தின்றுவிட்டுப் போனது. அம்மம்மா பின்கதவால் அயல் வீட்டுக்கு ஓடித் தப்பினார். விடிந்து நான் போய்ப் பார்த்தபோது கூரையைத் தாங்கும் கம்பங்களில் இரண்டு கப்பு முறிந்து, கூரை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் தறப்பாளைக் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே இருந்தார். பட்டினத்துக்கு வாருங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. மாட்டை யார் பார்ப்பது என்பார்.

ஊர் பாலர் பாடசாலை ஆசிரியை சொல்லித்தான் பட்டினத்தில் ஒரு திருச்சபைக்கு விஷயம் போயிருக்கிறது. ஆகஸ்ட் விடுமுறையில் வந்து திருத்தித் தரலாமா என்று கேட்டபோது அம்மம்மா முதலில் வேண்டாம் என்றார். காரணம் 2011. அந்த ஆண்டு தையில் மட்டக்களப்பே வெள்ளத்தில் கிடந்தபோது வேறொரு குழு உலர் உணவுப் பொதிகளோடு வந்தது. எல்லோரையும் நிலத்தில் இருத்தி, அரை மணி நேரம் ஜெபம் செய்து, கை உயர்த்தச் சொல்லி, அதன் பிறகே பொதியைக் கொடுத்தார்கள். பசித்த வயிறுகள் கை உயர்த்தின. அம்மம்மாவும் உயர்த்தினார். வீட்டுக்குக் கொண்டுவந்த பொதியை இரண்டு நாள் பிரிக்காமல் மூலையில் வைத்திருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஆகவே உங்கள் ஊரில் பயப்படுகிறவர்கள் காரணமில்லாமல் பயப்படுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆகஸ்டில் வந்தவர்கள் பதினொரு பேர். பெரும்பாலும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், ஒரு போதகர், அறுபது தாண்டிய மேசன் ஒருவர். வலையிறவுப் பாலத்தால் வாடகை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஒழுங்கையிலேயே வட்டமாக நின்று இரண்டு நிமிடம் ஜெபித்துவிட்டு வளவுக்குள் வந்தார்கள். மூன்று நாளும் அவ்வளவுதான் ஜெபம். என்ன சொல்லிக் கும்பிடுகிறீர்கள் பிள்ளை என்று அம்மம்மா ஒரு பெண்ணிடம் கேட்டார். "ஒருவரும் கூரையால் விழக்கூடாது என்று அம்மம்மா" என்றாள் அவள்.

மேசன் ஐயா எதையும் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி இது: "அம்மா, இந்த வீட்டுக்கு மழை எந்தப் பக்கத்தால் அடிக்கும்?" அம்மம்மா வடகிழக்கு மூலையைக் காட்டினார். எங்கள் மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரையான வாடைக்காலத்தில் அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. களிமண் சுவரின் அடி நனைந்தால் வீடு இருந்த இடத்திலேயே கரையும். அதனால் அந்தப் பக்கத் தாவாரத்தை ஒன்றரை அடி வெளியே இழுத்துவிட்டார். அடுத்ததாக, சாமிப் படங்களை அவரே எடுத்து வைக்கட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அம்மம்மா கண்ணகி அம்மன் படத்தையும் திருநீற்றுக் குடுவையையும் சேலைத்துண்டில் பொதிந்து எடுத்துப்போகும் வரை அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். வேலை முடிந்தபோது கிழக்குச் சுவரில் ஒரு மாடம் புதிதாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, மேசன் ஐயா தானாக வைத்துக் கொடுத்தது.

தகரத்துக்கு ஆணி அடிப்பதை அவர் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தகரத்தின் மடிப்பில் மேடும் பள்ளமும் உண்டு. பள்ளத்தில் அடித்தால் ஆணி மரத்தோடு இறுகி உட்காரும். பழகாதவன் அங்கேதான் அடிப்பான். ஆனால் மழைநீர் ஓடுவது பள்ளத்தால். ஆகவே மேட்டில் அடிக்க வேண்டும், ஆணித் தலைக்குக் கீழே இறப்பர் வளையம் இருக்க வேண்டும், தகரம் நசுங்கும் அளவுக்கு ஓங்கி அடிக்கக் கூடாது. பழைய தகரத்தில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளை ஒரு பையன் தகரத்தை வெயிலுக்கு நேரே பிடித்து, வெளிச்சம் வரும் இடமெல்லாம் தார் வைத்து அடைத்தான். ஒரு பகல் முழுவதும் அவனுக்கு அதுதான் வேலை.

அம்மம்மாவும் சும்மா இருக்கவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியை அனுபவித்தவர் அவர். 900 பேருக்கு மேல் பலியெடுத்த அந்த இரவில் அவர்களுடைய கூரை முழுதாகப் பறந்து வயலில் விழுந்தது. கூரையின் வளை மரத்தைக் கப்போடு கம்பியால் கட்டாமல் இந்தக் கூரையின் கீழ் படுக்கமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். மேசன் ஐயா மறுபேச்சில்லாமல் ஒவ்வொரு கப்பிலும் கட்டுக்கம்பியை மும்முறை சுற்றி முறுக்கினார். கிராமத்தவருக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தோடு வருகிறவர்களிடம் இது நடக்காது. வீட்டுக்காரரும் கூடவே உழைக்க வேண்டும் என்பதை ஹபிடாட் ஃபோர் ஹியூமனிட்டி தன் விதியாகவே வைத்திருக்கிறது. 1976 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கிறிஸ்தவப் பணியாகத் தொடங்கிய அந்த அமைப்பு மட்டக்களப்பிலும் வீடுகள் கட்டியிருக்கிறது. ஜனாதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற ஜிம்மி கார்டர் ஆண்டுதோறும் அவர்களோடு சுத்தியல் பிடித்தார். உங்கள் ஊருக்கு வருகிறவர்களிடமும், நாங்களும் சேர்ந்து வேலை செய்வோம் என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் மலர்ந்தால் நல்ல அறிகுறி.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று அம்மம்மா வீட்டில் மீன் சமைப்பதில்லை. அவர்கள் கொண்டுவந்த சோற்றுப் பார்சல்களைப் பிரித்தபோது எல்லாமே மரக்கறி. ஆசிரியையிடம் முன்கூட்டியே விசாரித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது மார்கழியில் நடந்தது. மழை விடாமல் கொட்டிய ஒரு வேலை நாளில் மேசன் ஐயாவும் இரண்டு பையன்களும் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். எங்கெங்கே சொட்டுகிறதோ அதற்கு நேரே சிலாகையில் சோக்கால் அடையாளம் போட்டார்கள். மூன்று இடம். மழை விட்ட பிறகு மறுபடி வந்து அந்த மூன்றையும் அடைத்தார்கள். அன்று படம் எடுக்க ஒருவரும் இல்லை, நன்றி சொல்லக் கூட்டமும் இல்லை. கூரை போட்ட ஆகஸ்டில் வெயில். எந்தக் கூரையும் அப்போது நல்ல கூரைதான். யார் எதற்காக வந்தார்கள் என்பது எனக்கு அந்த மார்கழியில் தெரிந்தது.

கிறிஸ்தவர்களோடு பழகினாலே சமயம் போய்விடும் என்று சொல்கிறவர்களிடம் சுவாமி விபுலாநந்தரை நினைவுபடுத்துங்கள். காரைதீவில் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, இராமகிருஷ்ண மிஷன் துறவியானவர் அவர். 1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து இரு சமயத்தவரும் ஒரே வாங்கில் இருந்துதான் படித்து வருகிறோம். அதே நேரம், வருகிறவர்களிடம் நேரடியாகக் கேட்பதில் தவறே இல்லை. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் 1994 இல் வெளியிட்ட நடத்தைக் கோவை, உதவியை ஒரு சமய நிலைப்பாட்டை வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதை முன்வைத்த அமைப்புகளில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான கரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. ஆக, அவர்களுடைய பெரிய அமைப்புகளே ஏற்றுக்கொண்ட ஒழுங்கைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ஜெபத்துக்கு வராத வீட்டுக்கும் வேலை உண்டா, கூட வரும் மேசன் யார், மாரியில் ஒழுகினால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் வாசலைத் திறந்துவிடுங்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் சபை அதுவல்ல. அது அம்மம்மாவுக்குத் தெரியாது. மேசன் ஐயாவின் இலக்கத்தை எழுதிய அட்டையை மாடத்திலிருந்து எடுத்துவந்து, உடனே எடுத்துத் தா என்று என்னிடம் நீட்டினார். லைன் கிடைக்க மாலையாகிவிட்டது. "பிள்ளைகள் பதினொரு பேரும் இருக்கிறார்களா தம்பி?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லும் வரை தொலைபேசியை என்னிடம் திருப்பித் தரவில்லை.

அவர்கள் விட்டுப்போன தார் டின் இன்னும் வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு புரட்டாதியிலும் அயல்வீட்டுத் தம்பி கூரையில் ஏறுவான். அம்மம்மா கீழே நின்று, மேட்டில் பார், பள்ளத்தில் பார் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.