‘ப்ரீ’ என்ற இரண்டெழுத்தைக் கவனியுங்கள்

தம்பி, உங்கள் மனைவியின் மருத்துவக் குறிப்பில் ‘ப்ரீ-எக்லாம்ப்சியா’ என்று இருப்பதைப் பார்த்து, ஊரிலிருந்து வந்த மாமியார் “காக்காய் வலிப்பு” என்று அழுவதாக எழுதியிருந்தீர்கள். இது காக்காய் வலிப்பு அன்று. வலிப்பே இன்னும் வரவில்லை. ‘ப்ரீ’ என்றால் ‘முன்’.

எக்லாம்ப்சியாவின் வேர் கிரேக்கம். திடீரென ஒளிர்வது என்று பொருள். மின்னல் வெட்டுவதுபோல் வலிப்பு வருவதால் அந்தப் பெயர். தமிழில் சூல்வலிப்பு, பேறுகால வலிப்பு, கர்ப்பகால வலிப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். கடைசிச் சொல் எனக்கு உடன்பாடில்லை. குழந்தை பிறந்த பிறகும், சில வாரங்கள் கழித்தும்கூட இது வரக்கூடும்.

ப்ரீ-எக்லாம்ப்சியா என்பது அதற்கு முந்தைய நிலை. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறும்; பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் தென்படும். தாதி ஒவ்வொரு முறையும் அந்தச் சிறிய குப்பியைக் கையில் கொடுப்பது இதற்காகவும்தான். இந்த நிலையில் உள்ள பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதில்லை. வரும் அபாயம் அதிகம் என்று தெரிந்தால் அதைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் என்ற மருந்தை ஏற்றுவார்கள்.

கடும் தலைவலி, கண் மங்கல், வலப்பக்க மேல்வயிற்று வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் சந்திப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பே வந்துவிட்டால் சிங்கப்பூரின் அவசர மருத்துவ ஊர்தி எண்ணான 995ஐ அழையுங்கள். அவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுக்க மாமியார் ஓடிவந்தால், அன்போடு தடுத்துவிடுங்கள்.