புராக்சிமா கோளில் குடியேற 25,000 ரூபாய் முன்பணம்: கட்டலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் குடியிருக்கிறோம். எனக்கு 36, மனைவிக்கு 33, மகளுக்கு 7 வயது. மணலிப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிற நாளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பாப்பாவுக்கு இழுப்பு வந்துவிடுகிறது. "பூமிக்கு அருகில் உள்ள புராக்சிமா பி கோளில் குடியேற முன்பதிவு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. குடும்பத்துக்கு 25,000 ரூபாய். கட்டலாமா சார்? அது ஏமாற்று வேலையாகவே இருந்தாலும், நிஜமாக அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் போவது சரியா?

பதில்: முதல் கேள்விக்கு ஒரே சொல்தான். கட்டாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் மீதியை அப்புறம் படியுங்கள். முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, பணம் போன நேரம், பரிவர்த்தனை எண், எந்தக் கணக்குக்குப் போனது என்ற மூன்றையும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழியுண்டு. வாட்ஸ்அப் செய்தியை அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி. பக்கத்திலிருக்கும் செவ்வாய்க்கே ஆள் அனுப்பப்போவதாக 2012-இல் அறிவித்து, விண்ணப்பக் கட்டணமும் வாங்கிய மார்ஸ் ஒன் நிறுவனம் 2019-இல் திவாலானது. ஒருவர்கூடப் புறப்படவில்லை.

இரண்டாவது கேள்விதான் உட்கார்ந்து பேச வேண்டியது.

"அருகில்" என்கிறது விளம்பரம். சூரியனை விட்டால் நமக்கு மிக நெருக்கமான விண்மீன் புராக்சிமா சென்டாரி என்பது உண்மை; தூரம் 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே போய்ச் சேர நாலேகால் ஆண்டு. அந்த விண்மீனைச் சுற்றும் கோள்தான் புராக்சிமா பி. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள 15 கோடி கிலோமீட்டரை ஒரு மீட்டராக, உங்கள் வாசற்படி அகலமாக, சுருக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் புராக்சிமா 268 கிலோமீட்டர்: எழும்பூரில் ரயில் ஏறினால் மயிலாடுதுறையை நெருங்கிவிடுவீர்கள். மனிதர்கள் போய்வந்த நிலாவோ வெறும் இரண்டரை மில்லிமீட்டர். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்னும் 180 மீட்டரைத் தாண்டவில்லை. நொடிக்கு 17 கி.மீ. ஓடும் அது புராக்சிமாவை நோக்கியே போனாலும் சேர 75,000 ஆண்டு ஆகும்.

வேகத்தைக் கூட்டினால் என்ன? ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தால் 42 ஆண்டில் சேரலாம். ஆனால் ஒரு கிலோ எடையை அந்த வேகத்துக்குக் கொண்டுவர 12.5 கோடி யூனிட் ஆற்றல் வேண்டும். வட சென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்ட 800 மெகாவாட் அலகு ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினால், அது ஆறரை நாள் உற்பத்தி. 70 கிலோ ஆளுக்கு 15 மாதம். இது உடம்புக்கு மட்டும். கலம், சாப்பாடு, தண்ணீர், எஞ்சின் எதுவும் சேரவில்லை. போய்ச் சேரும் இடத்தில் பிரேக் போட இன்னொரு தடவை அதே அளவு. அரசு தரும் இலவச யூனிட்டெல்லாம் இங்கே செல்லுபடியாகாது. அந்த வேகத்தில் ஒரு மில்லிகிராம் தூசி எதிரே வந்து மோதினால் 100 கிலோ டி.என்.டி. வெடிமருந்து வெடித்ததற்குச் சமம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாம் கைகூடிவிட்டது என்றே வைப்போம். இன்று ஏறினால் இறங்கும்போது உங்களுக்கு 78, மனைவிக்கு 75, மகளுக்கு 49. குடியேறப் போவது நீங்களே இல்லை. நீங்கள் வாங்குவது மனை அல்ல, நாற்பது வருஷம் கதவு திறக்காத ஓர் அறை. அதனால் கோளைப் பற்றி விசாரிக்கும் முன் அறையைப் பற்றி விசாரியுங்கள்.

தண்ணீரில் தொடங்கலாம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பக் குடிக்கிறார்கள். 2023-இல் 98 சதவீதம் வரை மீட்டுக் காட்டினார்கள். பெரிய சாதனைதான். ஆனால் ஆளுக்கு நாளைக்குப் பத்தே லிட்டர், ஒரு குடம்கூட வராது, என்று சிக்கனமாக வைத்தாலும், கைநழுவும் அந்த 2 சதவீதம் 42 ஆண்டில் உங்கள் மூன்று பேருக்கு 9,000 லிட்டரைத் தாண்டும். ஒரு முழு மெட்ரோ வாட்டர் லாரி. புக் பண்ணினால் வராது, கிளம்பும்போதே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

அந்தக் கருவியும் சொன்னபடி கேட்பதில்லை. நிலையத்தில் சிறுநீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி 2009-இல் அடைத்துக்கொண்டது. போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் ஹீட்டர் காயிலை வெளியே எடுத்தால் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்குமே, ஏறக்குறைய அதே சங்கதி. எடையற்ற நிலையில் இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை கரைகின்றன. கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்கி, கால்சியம் சல்ஃபேட்டாகக் கருவிக்குள் படிந்துவிட்டது. தரையில் சோதித்தபோது இது தலைகாட்டவில்லை. தரையில் இருப்பவர்களுக்கு எலும்பு அப்படிக் கரைவதில்லை அல்லவா? பிறகு கருவியைக் காப்பாற்ற, மீட்கும் அளவையே குறைத்து ஓட்ட வேண்டியிருந்தது. உதிரிபாகம் ஏற்றிவர அங்கே ராக்கெட் இருந்தது. உங்களுக்கு இருக்காது.

காற்று இதைவிட மோசம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அவர் வெளியே விடும் கரியமில வாயு ஒரு கிலோ. செடி வளர்த்துச் சரிக்கட்டலாம் என்று எல்லோரும் நினைப்பதுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்ஃபியர் 2 என்ற மூடிய கட்டடத்தை மூன்று ஏக்கரில் கட்டி, காடு, வயல், சின்னக் கடல் எல்லாம் உள்ளே வைத்து, 1991-இல் எட்டுப் பேரை இரண்டு ஆண்டுக்குப் பூட்டினார்கள். 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் ஒன்றரை வருஷத்துக்குள் 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. நான்காயிரம் மீட்டர் மலை உச்சியில் குடியிருப்பது போல. எரு அதிகம் போட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் பெருகி ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கரியமில வாயுவைப் புதுக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது, அதனால் செடிகளுக்கும் அது திரும்பக் கிடைக்கவில்லை. கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். கலத்துக்கு வெளியே ஏற்றுவதற்கு எதுவும் இல்லை.

அமோனியா என்றால் உங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் குழாய் கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிய வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள். விண்வெளி நிலையத்தின் வெளிப்புறக் குளிரூட்டும் குழாய்களிலும் ஓடுவது அமோனியாதான். 2015 ஜனவரியில் கசிவு என்று அலாரம் அடித்ததும், எல்லோரும் ரஷ்யப் பகுதிக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். அது பொய் அலாரமாகப் போயிற்று. எண்ணூரில் ஓடுவதற்கு ஒரு ரோடு இருந்தது. கலத்தில் அடுத்த அறைதான் ரோடு. யார் ஏற்றினாலும், அப்படித் தனியாக அடைக்கக்கூடிய அறை எத்தனை என்று கேளுங்கள்.

கோளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் கண்டுபிடித்தார்கள், 11.2 நாளில் தன் விண்மீனை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். "வாழத்தகு மண்டலத்தில் உள்ளது" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம், தகுந்த காற்று மண்டலம் இருந்தால் தரையில் தண்ணீர் திரவமாக நிற்கலாம் என்பது மட்டுமே. தண்ணீர் இருக்கிறது என்றல்ல, காற்று இருக்கிறது என்றும் அல்ல. புராக்சிமா பி-யில் காற்று இருப்பது இதுவரை உறுதியாகவில்லை. அதன் விண்மீனோ அடிக்கடி சீறி வெடிக்கும் சிவப்புக் குள்ளன், சூரியனைவிடச் சிறிய, மங்கலான வகை. இருந்த காற்றையும் அது அரித்திருக்கக்கூடும். இறங்கிய பிறகும் நீங்கள் அறைக்குள்தான்.

ஆளெண்ணிக்கை இன்னொன்று. ஃபிரெடரிக் மாரென் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2018-இல், புராக்சிமா பி-க்கு 6,300 ஆண்டு தலைமுறை தலைமுறையாகப் போகும் கலத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, நெருங்கிய சொந்தத்துக்குள் பிள்ளை பிறக்காமல் இருக்கக் குறைந்தது 98 பேர் ஏற வேண்டும் என்று கணக்கிட்டது. யாருக்கு யாரோடு எப்போது பிள்ளை என்பதையும் அங்கே விதி போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். 42 ஆண்டுப் பயணத்தில் அவ்வளவு கெடுபிடி இருக்காது. ஆனாலும் உங்கள் மகள் யாரைக் கட்டிக்கொள்வாள் என்பது கப்பல் கிளம்பும் நாளிலேயே பாதி முடிவாகிவிடும். ஏழு வயதுக் குழந்தைக்காக அந்தக் கையெழுத்தைப் போட அப்பா அம்மாவுக்கு உரிமை இல்லை என்பது எங்கள் கருத்து. பெரியவர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொள்ளட்டும்.

இழுப்புக்கு இப்போதே செய்ய வேண்டியது இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி நிலையத்தின் காற்றுத் தர எண் தெரியும். ஒரு மாதம், இழுப்பு வந்த தேதி, நேரம், அந்த நேரத்து எண், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி, ஸ்டான்லி மருத்துவமனைக்கோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ எடுத்துப் போங்கள். "அடிக்கடி வருகிறது" என்பதைவிட அந்த ஒரு பக்கம் மருந்தின் அளவையும் நேரத்தையும் தீர்மானிக்க உதவும். வாடகை வீடு என்றால், வேறு பேட்டைக்கு மாறுவதா என்ற முடிவுக்கும் அதே நோட்டு போதும்.

பாப்பா ஆசைப்பட்டால், மே கடைசியில் மழை மேகம் இல்லாத இரவு பத்து மணிக்கு மாடியேறித் தெற்கே பாருங்கள். நகர வெளிச்சத்துக்கு மேலே, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒன்றரை முஷ்டி உயரத்தில் இரண்டு விண்மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் பிரகாசிக்கும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. புராக்சிமா அதன் அருகில்தான். வெறும் கண்ணுக்குத் தெரியாது.