கால் அங்குல முகம்

முப்பது வருடம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். போர்க்கால வீரர்களின் பிளாஸ்டிக் மாடல்கள் மீது வந்த ஆசையும் துணி வழியாக வந்ததுதான். அவை பற்றி வந்திருந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: 1/35 அளவில் (நிஜ ஆளில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) காலாட்படை வீரர்கள் பெட்டி ஒன்று முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது. கை, கால், தலை எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது? (பத்தாம் வகுப்பு மாணவர்)

பசையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு காலை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், தம்பி. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மயிரிழை போல ஒரு மேடு ஓடும். கால்சட்டையின் தையல் என்று நினைத்து நிறையப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம். நிஜத் தையல் துணியில் அமுங்கிக் கிடக்கும், துருத்தாது. கத்தியின் முதுகுப் பக்கத்தால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஹெல்மெட்டின் உச்சியிலும் காதுக்குப் பின்னாலும் இதே மேடு இருக்கும்.

அடுத்து கால்கள், உடம்பு. கைகள் இரண்டையும் துப்பாக்கியையும் ஒரே மூச்சில் ஒட்டுங்கள். பசை இளகியிருக்கும்போதே விரல்கள் துப்பாக்கியில் பதிகிறதா என்று அசைத்துச் சரிசெய்யலாம். இந்தப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்துத்தான் இணைக்கிறது, அதனால் துளி போதும். என் மூன்றாவது வீரனுக்குக் கழுத்தில் பசை அதிகமாகி, காலர் கரைந்து தாடையோடு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து தலையை ஒரு பல்குச்சியில் குத்தி, தனியாக வர்ணம் தீட்டிய பிறகுதான் உடம்பில் வைக்கிறேன்.

கேள்வி: கண் வரைந்தால் முழி பிதுங்கியதுபோல் ஆகிவிடுகிறது. எவ்வளவு மெல்லிய தூரிகை வாங்க வேண்டும்?

தூரிகையை விடுங்கள், அளவைக் கணக்குப் போடுங்கள். நம் கண் வெளியே தெரிவது சுமார் 30 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் உயரம். 35-ஆல் வகுத்தால் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, உயரம் 0.3. தலை மொத்தமே கால் அங்குலம்தான். அதற்குள் வெள்ளையும் கருவிழியும் வைத்தால் பயந்துபோன முகம்தான் வரும். வெள்ளையே வேண்டாம். தோல் நிறம் காய்ந்ததும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு எண்ணெய் வர்ணத்தைத் தின்னரில் நீர்க்கக் கரைத்துக் கண்குழியிலும் மூக்கடியிலும் கீழுதட்டின் அடியிலும் ஓடவிடுங்கள். பிறகு மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் வெளிறிய நிறம் ஒரு தொடுகை. வெயிலில் ஹெல்மெட் போட்டு நிற்பவனின் கண் எப்போதும் நிழலில்தான் இருக்கும்.

கேள்வி: சரியான நிறம்தான் அடிக்கிறேன். ஆனாலும் என் வீரர்கள் மரத்தில் செதுக்கியதுபோல் நிற்கிறார்கள். ஏன்? (பணி ஓய்வு பெற்ற வாசகர்)

நிறத்தைத் தீட்டினீர்கள், ஐயா, துணியைத் தீட்டவில்லை. முழு உடுப்பும் ஒரே துணி என்று எண்ணிவிடுகிறோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் போட்ட பேட்டில்டிரஸ் என்ற சீருடை தடித்த கம்பளி. அதன் மடிப்பு உருண்டையாக, குறைவாக விழும். அதே படை பாலைவனத்தில் போட்ட காக்கி ட்ரில் பருத்தி. மடிப்பு கூராக, நெருக்கமாக உடையும். கம்பளிக்கு வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் நிறத்தைக் குழைத்துவிடுங்கள். பருத்திக்கு விளிம்பில் பளிச்சென்று கோடு வேண்டும். தோல் பெல்ட்டுக்கும் பூட்ஸுக்கும் மட்டும் லேசான மினுமினுப்பு. இந்த மூன்றைப் பிரித்தாலே பாதி மரம் ஆளாகிவிடும்.

மீதிப் பாதி எடை. தோள்வார் அழுத்துகிற இடத்தில் துணி சுருங்கும், வாருக்குக் கீழே உப்பும். முழங்காலும் முழங்கையும் ஊன்றி ஊன்றி வெளிறும். பழைய பெட்டிகளில் வார்ப்பே இதைக் காட்டாது. இப்போது ஆளுக்கு உடுப்பு மாட்டி நிறுத்தி முப்பரிமாண ஸ்கேன் எடுத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முதுகுகளைப் பார்த்தால் எனக்குக் கண்ணை எடுக்க முடியாது.

உடுப்பில் வருடமும் எழுதியிருக்கிறது. ஜெர்மன் மேலுடுப்பின் பாக்கெட்டைப் பாருங்கள். 1936 மாதிரியில் காலர் கரும்பச்சை, பாக்கெட் நடுவில் கொசுவம், மூடி வளைந்த வெட்டு. 1940-ல் காலரும் உடுப்பின் நிறத்துக்கே வந்தது. கம்பளியில் ரேயான் கலப்பு ஏறியது. 1941-ல் துணி தளர்ந்ததால் ஐந்து பட்டன் ஆறானது. 1942-ல் கொசுவம் போனது. 1943-ல் மூடியின் வளைவும் போய் நேர்வெட்டு. 1944-ல் உடுப்பே இடுப்போடு குட்டையானது. ஒரு நாடு துணிக்குத் திண்டாடிய கதை முழுவதும் நான்கு பாக்கெட்டில் இருக்கிறது. வெட்டுமேஜையில் மீதித் துணியைக் கணக்குப் பார்த்தவனுக்கு இது நன்றாகவே புரியும்.

ஒரு பெட்டியின் தலையை இன்னொரு பெட்டியின் உடம்பில் பொருத்தும்போதும் இதைக் கவனியுங்கள். சோவியத் வீரனுக்கு நின்ற காலரும் தோள்பட்டியும் 1943-ல் வந்தவை. அவனை 1941 மாஸ்கோ பனியில் நிறுத்தினால் தப்பு.

கேள்வி: என் மகன் ஜெர்மன் வீரர்களையே விரும்பிச் செய்கிறான். அந்தச் சீருடை என்னை உறுத்துகிறது. தடுக்கலாமா? (ஒரு வாசகி)

உங்களுக்கு உறுத்துவது நியாயம், அம்மா. ஜெர்மனியிலேயே ஹிட்லரின் நாஜி ஆட்சியின் சின்னங்களைப் பொதுவில் காட்டக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு தடை போடுகிறது. பல நிறுவனங்கள் ஸ்டிக்கர் தாளில் ஸ்வஸ்திகாவை விட்டுவிடுவதும், இரண்டு துண்டாகப் பிரித்து அச்சிடுவதும் இதனால்தான்.

தடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். அந்தச் சீருடை என்ன செய்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஜெர்மானியர் பிடித்த சோவியத் போர்க்கைதிகள் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 33 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் குண்டிலும் செத்தார்கள். யூதர்கள் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஸ்டாலின்கிராட்டில் 1943 பிப்ரவரியில் பிடிபட்ட சுமார் 91,000 ஜெர்மன் படையினரில் ஊர் திரும்பியவர்கள் 5,000 முதல் 6,000 பேர்தான். இதையெல்லாம் பெட்டியின் மேல் இருக்கும் வீரப் படம் சொல்லாது.

அடுத்த முறை சரணடைந்தவர்கள், காயம்பட்டவனைத் தூக்குகிறவர்கள், மூட்டையோடு ஊரை விட்டு நடக்கிற பெண்கள் இருக்கும் பெட்டிகளையும் காட்டுங்கள். உக்ரைனின் மினிஆர்ட், மாஸ்டர்பாக்ஸ் பெட்டிகளில் பொதுமக்களும் வருகிறார்கள். நான் கடைசியாகச் செய்ததில் ஒரு கிழவி தலைமுக்காட்டைக் கையால் பிடித்திருக்கிறாள். அந்த முக்காட்டுக்கு மட்டும் நான்கு இரவு ஆனது.

கேள்வி: 1/72 அளவு வளையும் வீரர்களுக்கு அடித்த வர்ணம் உரிந்து வருகிறதே?

அது பாலித்தீன் வகை, வர்ணம் பிடிக்காது. சோப்பு நீரில் கழுவி, வளைந்து கொடுக்கும் ப்ரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். கையாள்வதைக் குறையுங்கள்.

கேள்வி: பெட்டியில் துப்பாக்கி வார் தருவதில்லை. எதில் செய்வது?

ஓரங்குல வார் 1/35-ல் 0.7 மில்லிமீட்டர். மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, புது பிளேடால் இழுத்து அறுங்கள். ஒரு முனையை வளையத்தில் ஒட்டிக் காயவிட்டு, மறுமுனையைப் பிறகு ஒட்டுங்கள். தோளில் தொங்கும் துப்பாக்கிக்கு வார் விறைப்பாக இருக்கட்டும், தோள்துணி அதன் கீழ் கொஞ்சம் அமுங்கியதுபோல் ஒரு நிழல் போடுங்கள். கையில் பிடித்த துப்பாக்கியானால் வார் தொய்ந்து ஒருபக்கம் முறுக்கிக்கொண்டு தொங்க வேண்டும்.