ஆட்டம் ஆடட்டும், படம் ஆட வேண்டாம்!

இண்டோர் பேட்மின்டனைப் படமெடுக்க கேமராவில் எந்த மோட்? (ஈரோடு வாசகி)

'எம்' (மேனுவல்) மோட். ஷட்டர் 1/1000 நொடி, அபெர்ச்சர் (லென்ஸின் துளை) முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) ஆட்டோ, மேல் வரம்பு 12800. ஃபோகஸ் தொடர் முறையில்: கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி.

படங்கள் தெளிவாக வரவில்லை, என்ன செய்வது? (திருச்சி)

என்ன கேமரா, என்ன லென்ஸ், என்ன ஷட்டர்? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கையும் காலும் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் போதவில்லை. ஆடும் பையன் கலங்கி, பின்னால் இருக்கும் பேனர் பளிச்சென்று படிக்க முடிந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது.

ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் படம் கெடும் என்றார்கள். எஃப்/5.6, 1/125-ல் எடுத்தேன். கபடி ரெய்டர் ஆவி மாதிரி தெரிகிறார். (மதுரை)

இந்த 800 பயத்தை யார்தான் கிளப்பிவிட்டார்களோ! ஃபிலிம் காலத்துப் பயம் இது. ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளி விழுந்த படத்தை மென்பொருளில் சுத்தம் செய்யலாம். இழுபட்ட முகத்தை எதை வைத்தும் முழுதாக மீட்க முடியாது. கணக்கைப் பாருங்கள். 1/125-லிருந்து 1/500-க்குப் போனால் வெளிச்சம் கால் பங்காகும். ஈடுகட்ட ஐஎஸ்ஓ 3200 வேண்டும், அவ்வளவுதான். லென்ஸ் எஃப்/2.8 வரை திறக்குமானால் (எண் குறைந்தால் துளை பெரிது) அதே 800 போதும். மங்கலான பள்ளி அரங்கில் 6400 வரை போகத் தயங்காதீர்கள். இன்னொரு தப்பும் நடக்கிறது: 800-லேயே இருட்டாக எடுத்துவிட்டு, 'கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம்' என்பது. ஏற்றினால் நிழல் பகுதியில் புள்ளி கொப்பளிக்கும். சரியான வெளிச்சத்தில் 3200-ல் எடுத்ததைவிடப் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் புது கேமரா வேண்டாம், 85 எம்எம் எஃப்/1.8 வாங்குங்கள். ஷட்டர் வேகம் மட்டும் 1/500-க்குக் கீழே இறங்கக் கூடாது.

ஒரே இடம், ஒரே செட்டிங். ஒரு படம் மஞ்சள், அடுத்தது இருட்டு. கேமரா பழுதா? (கோவை)

பழுதில்லை, விளக்குதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல அரங்க விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. வேக ஷட்டர் அதில் ஒரு துண்டை மட்டும் பிடிக்கிறது. 1/100 வைத்தால் வித்தியாசம் மறையும், ஆனால் ஆட்டம் இழுபடும். மெனுவில் 'ஆன்டி-ஃப்ளிக்கர்' இருந்தால் போடுங்கள். வெளிச்சம் உச்சியில் இருக்கும்போது கேமரா படமெடுக்கும், பர்ஸ்ட் (தொடர்ந்து பல படம் எடுக்கும் வேகம்) கொஞ்சம் மந்தமாகும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். ரா-வில் (கேமரா பதப்படுத்தாத மூல வடிவம்) எடுத்தால் நிறத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

என் லென்ஸில் விஆர் (நடுக்கம் தடுக்கும் வசதி) இருக்கிறது. 1/60 போதாதா? (சேலம்)

விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், பையனை நிறுத்தாது. மறுபடி சொல்கிறேன்: குறைந்தது 1/500.

ஃபிளாஷ்? (வேலூர்)

வேண்டாம். ஸ்மாஷ் அடிக்கும் பிள்ளையின் கண்ணில் அடிக்கும். நடுவரும் வெளியே அனுப்புவார்.

வாலிபாலில் ஃபோகஸ் நெட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. (தஞ்சாவூர்)

முழு அகல ஃபோகஸை விட்டு ஒற்றைப் புள்ளி அல்லது சிறு வட்டத்துக்கு வாருங்கள். புள்ளி மார்பில் இருக்கட்டும். ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றினால், நெட் குறுக்கே வரும் நொடியில் கட்டைவிரலை எடுத்துவிடலாம். அதைவிடச் சுலபம், இடம் மாறி உட்காருவது: எண்ட் லைனுக்குப் பின்னால் மூலையில், தரையோடு தரையாக. இந்தப் பக்கத்து அணிக்கு முன்னால் நெட்டே வராது.