திரும்பி வராத விமானங்கள்

கேள்வி: தொழிலில் வென்றவர்களின் வாழ்க்கை வரலாறுகளை விடாமல் படிக்கிறேன். அவர்கள் செய்ததையே செய்தால் நானும் வெல்வேனா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: படியுங்கள், தூக்கம் வராத இரவுகளுக்கு நல்லது. கூடவே ஆபிரகாம் வால்டையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த புள்ளியியலாளர். விமானத்தில் எந்த இடத்துக்குக் கவசம் போடுவது என்று முடிவுசெய்ய, குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களின் ஓட்டைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம் என்பதுதான் அவர் கணக்கின் சாரம். எஞ்சினில் அடிபட்டது திரும்பி வந்தால்தானே எண்ணுவதற்கு? (1950 டிசம்பரில் அவரே விமான விபத்தில் இறந்தார். அதுவும் நம் நீலகிரியில்.)

நீங்கள் படிப்பவை திரும்பி வந்தவர்களின் கதைகள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்ததால் வென்றேன் என்பார்கள். அதே நான்கு மணிக்கு எழுந்தும் கடையை மூடியவருக்கு எந்தப் பதிப்பகம் புத்தகம் போடும்?

என் மைத்துனர் மெஸ் தொடங்கக் கிளம்பியபோது, அதே தெருவில் மெஸ்ஸை மூடியவரிடம் அழைத்துப்போனேன். சமையலைப் பற்றி மனிதர் வாயே திறக்கவில்லை. கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ், மாதக் கணக்கில் சாப்பிட்டுவிட்டு ஊர் மாறிய பையன்கள், தீபாவளிக்குப் போய்ப் பொங்கலுக்குத் திரும்பிய மாஸ்டர் என்று ஒரு மணி நேரம் பேசினார். மைத்துனர் மெஸ் வைத்தார்; கடன் நோட்டு மட்டும் வைக்கவில்லை.